வேலியில் கட்டிய கம்பி

"ஏங்க, அந்தக் கம்பியை எங்கே கட்டுறீங்க?"

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டான் வேலியிலதான்."

அயல்நாட்டுக்காரர்களோடு ரேடியோவில் பேசுவதுதான் ஜெனிஷின் பைத்தியம். நாரின் நகரில் அவன் வீட்டு முற்றத்தில் ஆன்டெனா கம்பம் நட்டாயிற்று. குரல் தூரம் போக, அதன் அடியிலிருந்து தரையில் நிறையக் கம்பிகள் விரிக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ நாலே கம்பி. பக்கத்து வீட்டு தோக்தொசுனின் இரும்பு வேலி அறுபது அடி நீளம்; அதில் இணைத்துவிட்டால் மற்றக் கம்பிகள் வேண்டாம். எல்லைத் தகராறு வந்தபோது, வெல்டரான அவனே எழுப்பிய வேலி. மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

"பார்த்தான்னா, கம்பியோட உங்களையும் சேர்த்து வெட்டிருவான்," என்றாள் மனைவி நுர்ஜமால்.

மூன்று நாள் மைக்கில் கூப்பிட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் முதல் அழைப்புக்கே ஒரு ஜப்பான்காரர் பேசினார்.

"பார்த்தியா என் மூளையை!" என்று ஜெனிஷ் துள்ளினான்.

கதவு தட்டப்பட்டது. வாசலில் தோக்தொசுன், கையில் குறடு.

"என் வேலியில கம்பி கட்டினது நீதானே?"

ஜெனிஷ் கதவைப் பாதி சாத்தினான்.

"பெயிண்ட் மேல கட்டினா கரண்ட் ஓடுமாய்யா? விடியக்காலையில பெயிண்டைச் சுரண்டி, நான்தான் திருப்பிக் கட்டினேன்."

"நீயா? ஏன்?"

"மூணு நாளா என் டிவியில உன் குரல் வாத்து மாதிரி கத்துது. கூப்பிடுற, நிறுத்துற, மறுபடி கூப்பிடுற. ஒருத்தனும் பதில் பேசலைன்னு தெரிஞ்சுது. கேக்கச் சகிக்கலை."

தோக்தொசுன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு யாராச்சும் பேசினாங்களா?"