படையலில் வைத்த கேம்

என் மகள் வைஷ்ணவியின் பதினாறாம் நாள். அவள் படத்தின் முன் முறுக்கு, அதிரசத்தோடு அவளுடைய கையடக்க வீடியோ கேமையும் வைத்திருக்கிறேன். படையலைப் பங்கு போடும்போது என் கொழுந்தன் நாகராசு அதை எடுத்துக்கொண்டு பந்தியில் உட்காருகிறான். "படையல்ல வச்சது எல்லாருக்கும் பொதுதானே மதினி?" ஜன்னல் வெயில் விழும் திரையில், ஜப்பான் கார்ட்டூன் தொடரில் வரும் நீலமுடிப் பெண் தாவத் தயாராக நிற்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி முப்பத்தொன்றாம் லெவல் வரை அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவள் என் மகள். அவன் புது ஆட்டம் தொடங்கப் போக, பழைய ஆட்டத்தை அழிக்கலாமா என்று திரை இங்கிலீஷில் கேட்கிறது. "அழிச்சிராதீங்க தம்பி, அது அவ ஆடுனது." "அதான் அவ ஆடி முடிச்சிட்டாளே மதினி" என்று எண்ணெய் விரலால் அமுக்குகிறான். டிங் என்றொரு சத்தம். முதல் லெவல். கல்லுக்குக் கல் தாவத் தெரியாமல் முதல் பள்ளத்திலேயே அவளை விழவைக்கிறான். "ஒரு உசுரு போச்சு. பரவால்ல, இன்னும் ரெண்டு இருக்கு." பந்தியில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். பரிமாற எடுத்து வந்த சோற்று வாளியைத் தரையில் வைக்கிறேன். கேமைப் பிடுங்குகிறேன். "என்ன மதினி, ஒரு பொம்மைக்குப் போயி..." அவன் முடிக்குமுன், ஒரு பருக்கையும் விழாத அவன் இலையை நானே மடித்து மூடுகிறேன். "எந்திரிடா."