ஆளில்லாத முகவரி

"உண்மையைச் சொல்லு, நீதானே முதலாளிகிட்ட சொன்னே?"

சர்வர் அறையின் குளிரிலும் அவனுக்கு வேர்த்தது. கம்பெனியின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவன் அவன். 'ஒயர்' என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். எதிரே நின்றவள் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவன் மனைவி.

"நான் யார்கிட்டயும் சொல்லலை. எத்தனை தடவைங்க கேப்பீங்க?"

"நான் வேற வேலை தேடுறது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நேத்து சாப்பாட்டு ரூம்ல எல்லாரும் சாப்பிட்டுட்டு எழுந்து போனப்புறம், நீ டிபன் பாக்ஸ் கழுவுறப்போ உன் காதுல போட்டேன். சாயங்காலம் நீ முதலாளி ரூம்ல இருந்து வெளிய வர்றே. காலைல அவர் என்னைக் கூப்பிட்டு, 'எங்களை விட்டுட்டுப் போறீங்களாமே'ங்கிறார். காத்து வந்து சொல்லிச்சா அவருக்கு?"

"கையெழுத்து வாங்கப் போனேன். ஆபீஸ்ல எல்லாரும் என்னை ஒதுக்கிட்டாங்க. இப்ப நீங்களுமா?"

குரல் உடைந்தது. பதிலுக்குக் காத்திராமல் விருட்டென்று போய்விட்டாள்.

ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் 'வானொலி'. யார் என்ன புலம்பினாலும் மறுநாள் முதலாளி வாயில் அது வார்த்தை மாறாமல் வந்துகொண்டிருந்தது. கோள் சொல்வது யார் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள், அடிக்கடி முதலாளி அறைக்குப் போகிறவள் தலையில் பழியைக் கட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் முதலாளியம்மா மூட்டுவலி என்று வீட்டோடு தங்கிவிட்டதால் இப்போதுதான் எல்லோரும் மூச்சு விட ஆரம்பித்திருந்தார்கள். அந்த அம்மாள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவர். இந்த வானொலிக்கு அவரே தேவலை என்று பேசிக்கொண்டார்கள்.

நேற்றுவரை மனைவிக்காக மற்றவர்களோடு சண்டை போட்டவன் ஒயர். இன்று அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

உட்கார்ந்து வருத்தப்படவும் நேரமில்லை. அவர்களிடம் உதிரிபாகங்கள் வாங்கும் பெரிய வாடிக்கையாளர், வரும் வாரத்திலிருந்து இணையத்தின் புதிய முகவரி முறையில்தான் தொடர்பு என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாலாம் பதிப்பு முகவரிகள் உலகத்துக்கே பற்றாமல் போனதால் ஆறாம் பதிப்பு வந்திருக்கிறது. "நாலுக்கு அப்புறம் அஞ்சுதானேப்பா? அஞ்சை யாரு தின்னா?" என்று அவனிடம் கேட்காத ஆள் ஆபீஸில் பாக்கி இல்லை.

கம்ப்யூட்டர், பிரின்டர், வருகைப் பதிவு மெஷின் என்று எல்லாவற்றுக்கும் புது முகவரி கொடுத்தாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் பழைய முகவரியில் முரண்டு பிடித்தது. அது என்ன கருவி, யாருடையது என்று கேட்டால் எல்லோரும் கையை விரித்தார்கள். அதன் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தான். அது மற்ற கேபிள்களோடு கொத்தாக ஃபால்ஸ் சீலிங்குக்குள் புகுந்து காணாமல் போனது.

இந்த மாதிரிச் சிக்கலுக்கு நெட்வொர்க்குக்காரர்களிடம் ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எவன் அலறிக்கொண்டு வருகிறானோ அவனுடையது.

முதலாளி காலையில் அவனிடம் கேட்ட கையோடு அந்த வாடிக்கையாளரைப் பார்க்க விமானம் ஏறிவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லோரும் சாப்பாட்டு அறைக்குள் போனதும், பழைய முகவரி முறையை ஆபீஸ் முழுக்க அணைத்தான்.

ஒருவரும் அலறவில்லை. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு குட்டி போட்ட பூனையாய் மேசை மேசையாக அலைந்தான். வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்துப் பார்த்தான், வேலை செய்தது. வாடிக்கையாளரின் தளமும் பட்டென்று திறந்தது. ஜெயித்துவிட்டோம் என்று ஓடிப்போய்ச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அவள் சாப்பிடப் போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் பிரின்டர் முனகியது. புது முகவரியில் அது முதன்முதலாக அச்சடித்துத் தந்தது அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை.

"என்ன இது?"

"வேலையை விட்டுடறேன். அப்படியே அம்மா வீட்டுக்குப் போறேன். உங்க ரகசியம் எல்லாம் பத்திரமா இருக்கும்."

"அவசரப்படாதே..."

"நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்."

நம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். நேற்று அவள் முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தது கண்முன் வந்து நின்றது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து கையெழுத்துப் போடத் தொடங்கினாள்.

மேசையில் போன் அடித்தது. எழுதிக்கொண்டிருந்த கையை எடுக்காமல் அவள் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்துகொண்டிருந்தவர்கள் காதிலும் அந்தக் கணீர்க் குரல் விழுந்தது.

"நான் முதலாளியம்மா பேசுறேன். அவர் போன் ஆஃப்ல இருக்கு. ஒயர் தம்பி அங்க இருக்கா?"

"இருக்கேம்மா. சொல்லுங்க."

"என்னத்தை நோண்டி வச்சீங்க? இன்னிக்குச் சாப்பாட்டு ரூம்ல ஒருத்தர் பேசுறதும் எனக்குக் கேக்கலையே!"