ஜுவெனலின் கன்னம்

“எழுபத்தோரு வயசா? சத்தியமா நம்பமாட்டேன் ஐயா!”

லூசியானி அப்படிச் சொன்னதும் சந்தையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “வயசு நெசம்தான். மூஞ்சிதான் பொய் சொல்லுது” என்றாள் நண்டு விற்பவள்.

ஜுவெனல் பெருமையோடு கன்னத்தை நீட்டினார். “தொட்டுப் பாரு மகளே. காசா பணமா!”

தொட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. வெயில் மண்டையைப் பிளக்கும் மராஜோ தீவில், நாற்பது வருடம் எருமை வண்டி ஓட்டிய முகமா இது!

பெலேம் நகரில் அவளும் தங்கையும் சின்ன அளவில் முகப்பூச்சு செய்து விற்றார்கள். பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோயிருந்தார்கள். புதிதாக ஒன்று கையில் கிடைக்காவிட்டால் கடைக்குப் பூட்டுதான். அதைத் தேடித்தான் படகேறி வந்திருந்தாள்.

“என்னதான் தடவுறீங்க?”

“எல்லாம் எம் பெண்டாட்டி கைப்பக்குவம். பூரிட்டிப் பனம்பழத்துல எண்ணெய் எடுப்பா. பிரிப்ரியோக்காக் கிழங்கைக் காய்ச்சி வடிச்ச தைலத்துல நாலு சொட்டு விடுவா. விடிஞ்சதும் என்னைப் புடிச்சு உக்காரவச்சு, பச்சப்புள்ளைக்கு அப்புற மாதிரி அப்புவா.”

அவர் நீட்டிய குப்பியைத் திறந்தாள். மழை நனைத்த காட்டின் வாசனை குப்பென்று ஏறியது.

“அவங்களும் இதைத்தான் தடவுறாங்களா?”

“ஒரே குப்பிதான்! வா, எங்க வீட்டுக்கே வந்து பாரு.”

வண்டியில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி சுல்மிரா. அகலமான ஓலைத் தொப்பிக்கு அடியிலிருந்து இடப்பக்கமாகத் திரும்பிச் சிரித்தாள். அந்தக் கன்னத்திலும் அதே வழவழப்பு. லூசியானி மரவள்ளி மாவு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடை பிழைத்துவிட்டது!

வண்டி தெற்கே கிளம்பியது. மாலை வெயில் தீயாகக் காய்ந்தது.

“இன்னிக்காவது இந்தப் பக்கம் வாயேன்டி” என்றார் ஜுவெனல்.

“நீ ஓட்டுற வேலையைப் பாரு கெழவா. எனக்கு இங்கதான் காத்து வருது.”

“பாத்தியா மகளே! கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இதே சண்டைதான். காலையில வடக்க சந்தைக்கு வரும்போதும் வலப்பக்கம்தான் வேணும், சாயங்காலம் திரும்பும்போதும் அதேதான் வேணும். அப்படி ஒரு பிடிவாதம்!”

மாட்டுப்பட்டி வேலியில் வண்டி நின்றது. படலைத் திறக்க சுல்மிரா இறங்கினாள். கை கொடுக்க லூசியானியும் கூடவே குதித்தாள். ஜுவெனல் எருமையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றித் திரும்பினாள் சுல்மிரா.

லூசியானி அப்போதுதான் அந்த முகத்தின் மறுபக்கத்தைப் பார்த்தாள். வலக் கன்னம் முழுக்கக் கருகி, தண்ணீர் வற்றிய குளத்தடிபோல வெடித்துக் கிடந்தது. அதே எண்ணெய். அதே கை. ஒரே முகம்.

அவள் பார்வை தானாக மேற்கே போனது. காலையில் வடக்கே போகும்போது கிழக்கு வெயில், மாலையில் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயில். போனாலும் வந்தாலும் வலப்பக்கம்தான்.

“அம்மா... அப்போ இந்த எண்ணெய்...”

சுல்மிரா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

“எண்ணெய்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, மகளே. சொல்லிடாத. தெரிஞ்சா எடத்தை மாத்திக்குவாரு.”