இருபத்தோராவது நாள்

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் காலை வெயில் இரும்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கொள்கலன்களுக்குள் யாராவது கதிரியக்கப் பொருளை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று கைமீற்றரால் பார்ப்பதுதான் செலீனின் வேலை. இன்று அவளே மீற்றருக்கு முன்னால் நிற்கிறாள். கழுத்தில் சத்திரசிகிச்சைத் தழும்பு இன்னும் சிவந்திருக்கிறது. புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயடீன் குடித்து இருபத்தொரு நாளாகிறது. உடம்பிலிருந்து இனிக் கதிர் வீசாது, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். ஆனாலும் அவளுக்கு மனம் துணியவில்லை. பதினோரு வருடமாக அவள் நம்பிப் பழகியது இந்த மீற்றரைத்தான்.

கூட வேலை செய்யும் நாகேந்திரம் அதை முதலில் மதிலருகே பிடிக்கிறார். எப்போதாவது ஒரு ‘டிக்’ கேட்கிறது. பிறகு அவள் தொண்டைக்கு நேரே கொண்டுவருகிறார். லொறிகளின் இரைச்சலுக்குள் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டுகிறாள். ஒரு டிக். நெடுநேரம் கழித்து இன்னொன்று.

“மதிலுக்குக் காட்டினதுதான் உமக்கும் காட்டுது, பிள்ளை.”

“இன்னொருக்காப் பாருங்கோ, அண்ணை.”

அவர் சலிக்காமல் தொண்டையிலிருந்து வயிறுவரை மெதுவாகப் பார்க்கிறார். “ஒண்டுமில்லை. போய்ப் பிள்ளையைத் தூக்கும்.”

வாசலுக்கு வெளியே, முச்சக்கரவண்டியில் கணவன் மெல்ரோயும் நான்கு வயது ஷெரோமியும் காத்திருக்கிறார்கள். செலீன் கைகாட்டியதும் மகள் குதித்திறங்கி ஓடிவருகிறாள். ஓடிவந்தவள், மூன்று வாரமாகப் பழகியபடி, ஆறடி தள்ளி நின்றுவிடுகிறாள்.

“இதுக்கு அங்காலயும் வரலாமா, மம்மி?”

அந்த ஆறடியையும் செலீனே ஓடிக் கடக்கிறாள்.