நிற்காத டிராம்

மூன்றாவது டிராமும் நிற்கவில்லை. போகிற போக்கில் தண்டவாளத்துச் சாக்கடைத் தண்ணீரைக் நிறுத்தத்தில் கை காட்டி நின்ற கோட்டுக்காரர் மேல் வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. வாய்க்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது. குமட்டலோடு துப்பினார்.

"கை காட்டிப் பிரயோஜனமில்ல சார்," என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ். "லேட்டா வர்ற டிராம் எங்கயும் நிக்கக் கூடாதாம். ஆள் ஏத்தினா இன்னும் லேட்டாகுமாம். எந்தப் புண்ணியவான் போட்ட உத்தரவோ."

"உத்தரவை விடும்மா. டிரைவருக்குக் கண்ணு எங்க போச்சு? என்னைப் பாத்துக்கிட்டேல்ல போறான்."

இன்று பார்த்துக் கார் படுத்துவிட்டது. பத்து மணிக்கு அமைச்சர் வருகிற விழா. தாமதமாகப் போனால் மானம் போய்விடும்.

"சுரங்க ரயில்ல போங்க சார். மூக்கைப் பொத்திக்குங்க."

சுரங்கப் படியெல்லாம் மூத்திர நாற்றம். பெட்டிக்குள் யாரோ எடுத்த வாந்திக்குச் செய்தித்தாள் போர்த்தியிருந்தார்கள். இறங்கி இலகு ரயிலுக்கு மாறினால், அதற்குத் தனி டிக்கெட், தனி வரிசை. "த்தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று முனகியபடி மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தே முக்கால்.

ஒலிபெருக்கி முழங்கியது: "இதோ, நமது நகரப் போக்குவரத்தின் தலைவர் வந்துவிட்டார். ஒரு நாளும் கடைசி நிறுத்தத்துக்குத் தாமதமாகப் போகாத சிறந்த டிரைவருக்கு அவரே பதக்கம் அணிவிப்பார்."

மேடையில் நின்றவன் அதே டிராம் டிரைவர். தலைவர் அவன் காதோரம் சீறினார்: "நான் கை காட்டினது தெரியலையாய்யா?"

"நல்லாத் தெரிஞ்சுது சார். நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவை உங்க கண்ணு முன்னாலயே மீறலாமா?" என்று பணிவாகக் கழுத்தை நீட்டினான் டிரைவர்.