முன்கயிறு

"அப்பா, நாளைக்குப் படகைக் கரையில ஏத்தறோம், த்ரஸ்டர் மாட்டறோம். இதுக்கு மேல பேச்சே இல்லை" என்றாள் மகள்.

அப்பா படகின் மூக்கில் குந்தியபடி, தண்ணீரில் விழுந்த கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்து சொட்டியது.

பத்து நிமிடத்துக்கு முன் நடந்த கூத்தைப் படகுத்துறையே வேடிக்கை பார்த்திருந்தது. அம்மா சக்கரத்தைப் பிடித்துப் படகை அலுங்காமல் உள்ளே கொண்டுவந்தாள். அப்பா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், முன்கயிற்றின் கண்ணியைக் கரையில் இருக்கும் கட்டையில் மாட்ட வேண்டும். அவர் வீசினார். கயிறு கட்டைக்கு ஒரு முழம் தள்ளித் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. காற்று மூக்கைத் தள்ளிக்கொண்டு போக, அம்மா ஒருவழியாகத் திருப்பி நிறுத்தினாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"கட்டை இங்க இருக்கு, நீங்க எங்க வீசறீங்க? மீனுக்கா கயிறு போடறீங்க? கையில எண்ணெய் தடவிட்டு வந்தீங்களா? இத்தனை வருஷம் பழகியும் ஒரு கயித்தை மாட்டத் துப்பில்லை."

பக்கத்துப் படகுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து நேற்று இரவுதான் வந்து இறங்கிய மகளுக்கு மானம் போயிற்று.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களில் ஏறி, அவற்றை உள்ளே கொண்டுவந்து நிறுத்தும் பைலட்டாக முப்பது வருடம் இருந்தவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். அவள் குரலுக்குக் கப்பல்களே அடங்கி நின்றன, அப்பா எம்மாத்திரம்?

மகள் கையோடு அழைத்து வந்திருந்த மெக்கானிக், த்ரஸ்டர் எப்படி இருக்கும் என்று சாக்பீஸால் கரைப்பலகையில் படம் போட்டுக் காட்டினார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை சார். படகு மூக்குல, தண்ணிக்குக் கீழ, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு குழாய். அதுக்குள்ள சின்ன விசிறி. பட்டனை அமுக்கினா மூக்கு சொன்ன பக்கம் நகரும். எவ்வளவு காத்து அடிச்சாலும் அம்மா ஒருத்தரே கொண்டுவந்து ஒட்டிடுவாங்க. முன்னால ஆளே வேண்டாம்."

"அப்ப நான்?"

"நீங்க காலை நீட்டி உட்காந்து பேப்பர் படிங்க."

"வேண்டாம்" என்று அப்பா கயிற்றோடு கரையில் இறங்கி, படத்தைக் குதிகாலால் தேய்த்து அழித்தார்.

மகளுக்குப் பொறுமை போயிற்று. "அறுபத்தெட்டு வயசாகுதுப்பா. எட்டி வீசறேன்னு படகுக்கும் கரைக்கும் நடுவுல விழுந்தா நசுங்கிடுவீங்க. நீங்க தினமும் கயித்தைத் தவற விடறீங்கன்னு பக்கத்துப் படகுக்காரர் போன்ல சொன்னதுலேர்ந்து, ராத்திரி தூக்கத்துல கூட எனக்கு அந்த பயம்தான்."

"விழ மாட்டேன்."

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப நீங்க ஒரு தடவை கூடத் தப்பினதில்லை. இப்ப கை வரலை, கண்ணு தெரியலை. ஒத்துக்கறதுல என்ன வெட்கம்?"

"சரி, ஒத்துக்கறேன். வயசாச்சு, கை வரலை. அதுக்காகப் படகுல ஓட்டை போடணுமா?"

"போடத்தான் போறேன். உங்க பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கு."

அம்மா எஞ்சினை அணைத்துவிட்டு அறைக் கதவருகில் வந்து நின்றாள். "அம்மா, நீயாவது சொல்லேன். மாட்டலாமா, வேண்டாமா?" என்று மகள் கேட்டாள்.

அம்மா தோளைக் குலுக்கினாள். உள்ளே போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தீங்களா? இன்னும் கோபம் ஆறலை. உங்களால எங்கிட்டயும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறா" என்று மகள் பொரிந்தாள். மெக்கானிக்கைப் பார்த்து, "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று குப்பென்று அடித்தது. எதிரே ஒரு வாடகைப் படகு எஞ்சின் நின்றுபோய், கற்சுவரைப் பார்த்து மிதந்து போனது. அதிலிருந்த ஆள் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அப்பா கரையில் கிடந்த ஈரக் கயிற்றை அள்ளினார். ஒரே வீச்சு. இருபது அடி தள்ளி, ஆடிக்கொண்டிருந்த அந்தப் படகின் மூக்குக் கொக்கியில் கண்ணி கச்சிதமாக விழுந்தது. மறுமுனையை ஒற்றைக் கையால் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். சுவருக்கு ஒரு சாண் முன்னால் படகு நின்றது.

மெக்கானிக் வாயைப் பிளந்தார். மகள் கட்டையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா முதலில் பார்த்தது படகின் ஜன்னலைத்தான். அம்மா இன்னும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு மூச்சு வந்தது.

"அவ பாக்கலை இல்ல?"

"அப்பா, இருபது அடியில ஆடற கொக்கி தெரியற கண்ணுக்கு, மூணு அடியில இருக்கற நம்ம கட்டை தெரியலையா?"

அப்பா அவளைத் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்குக் கோபம் எல்லாம் இல்லைம்மா. வேலையை விட்டு வந்த நாள்லேர்ந்து அவ வீட்டுல வாயையே திறக்கலை. உனக்குத் தெரிஞ்சா ஓடி வந்துடுவேன்னுதான், நீ போன் பண்றப்பெல்லாம் குளிக்கறா, தூங்கறான்னு சொன்னேன், நேத்து ராத்திரி நீ வந்தப்ப கூட. டாக்டர்கிட்ட காட்டினேன், மாத்திரை குடுத்துப் பாத்தேன், ஒரு வார்த்தை வரலை. போன மழைக்காலத்துல ஒரு நாள் எனக்கு நிஜமாவே கயிறு கை நழுவிடுச்சு. முழுசாப் பத்து நிமிஷம் திட்டினா."

ஈரச் சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே அப்பா சொன்னார். "அன்னிலேர்ந்து நான் கயித்தைச் சரியா மாட்டினதே இல்லை."