எடுக்காத கை

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன மலைப்பாம்பு இருந்தது. அதை முதலில் வளர்த்தவர், ஒருநாள் அது கடித்துவிட்டதும், இனி வேண்டாமென்று மங்கையர்க்கரசியிடம் கொடுத்துவிட்டார்.

"இவளையும் கடிப்பாயா?" என்று சுவரில் இருந்த பல்லி கேட்டது.

"அவர் கை மேலிருந்து சட்டென்று வரும், வெடுக்கென்று பின்வாங்கும். பருந்தோ என்று பயந்துதான் கடித்தேன்," என்றது பாம்பு. "இவளும் விரட்டிவிட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை."

அன்று மாலை மங்கையர்க்கரசி பெட்டியைத் திறந்தாள். கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, பாம்பின் வயிற்றுக்குக் கீழே மெல்லக் கொடுத்தாள். பாம்பு விறைத்தது. தலையைப் பின்னுக்கு இழுத்து வாயைத் திறந்தது. பல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கை அங்கேயே இருந்தது.

"அவசரமே இல்லை, கண்ணு," என்றாள் அவள்.

வெகுநேரம் கழித்துப் பாம்பு வாயை மூடியது. பிறகு மெதுவாக அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

அது பெட்டிக்குத் திரும்பியதும் பல்லி கேட்டது: "அவளுக்குப் பயமே கிடையாதா?"

"அவள் நாடி என் வயிற்றில் படபடவென்று அடித்தது," என்றது பாம்பு. "என்னைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம். ஆனாலும் கையை எடுக்கவில்லை."